பேடல் கோர்ட்டில் முதல் மாதம்: கிளப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

கண்ணாடியும் கம்பிவலையும் சூழ்ந்த கோர்ட்டில் மட்டையால் ஆடும் பந்தாட்டம் பேடல். அதை ஆட வரும் புதியவர்கள் முதல் நாள் தவறாமல் செய்வது, பந்தை ஓங்கி அடிப்பது. டென்னிஸில் புள்ளி வாங்கித் தரும் அந்த அடி இங்கே எதிரணிக்குத்தான் உதவும். வேகமாகப் போன பந்து பின்கண்ணாடியில் மோதி, கோர்ட்டின் நடுவே இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். எதிரே இருப்பவர் நிதானமாகப் பார்த்து வேண்டிய இடத்தில் போடுவார். மெதுவாக, ஆழமாகப் போட்ட பந்தோ கண்ணாடியின் காலடியிலேயே சுருண்டு விழும். இதைக் கை ஒத்துக்கொள்ளத்தான் நாளாகும். மற்றதெல்லாம் சில வாரங்களில் வந்துவிடும்.

1969-இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கொர்குவேரா தன் வீட்டில் சுற்றுச்சுவர் வைத்துக் கட்டிய கோர்ட்டில் தொடங்கிய ஆட்டம் இது. 1974-இல் ஸ்பெயினின் மார்பெயாவுக்குப் போனது. ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் வேர்விட்டு, பிறகுதான் மற்ற நாடுகளுக்கு வந்தது. பந்தாடும் முறைகளின் பெயர்கள் பல இன்னும் ஸ்பானிஷிலேயே இருப்பது அதனால்தான்.

கோர்ட்டை முதலில் சுற்றிப் பாருங்கள்

நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். ஆடுவது நால்வர், அணிக்கு இருவர். நெட் நடுவில் 88 சென்டிமீட்டர், இரு ஓரங்களிலும் 92 வரை. நெட்டிலிருந்து 6.95 மீட்டரில் சர்வீஸ் கோடு. அந்தக் கோட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே 3 மீட்டர் சொச்சம்தான் இருக்கும். புதியவரின் முதல் மாதம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கழியும்.

பின்பக்கம் முழுக்க 3 மீட்டர் உயரக் கண்ணாடி, அதற்கு மேலே 1 மீட்டர் கம்பிவலை. பக்கவாட்டில் மூலையிலிருந்து முன்னோக்கி 4 மீட்டர்தான் கண்ணாடி. அதிலும் முதல் 2 மீட்டர் 3 மீட்டர் உயரம், அடுத்த 2 மீட்டர் படியிறங்கி 2 மீட்டர் உயரம். மீதியெல்லாம் கம்பிவலை. கண்ணாடியில் பட்ட பந்து எங்கே வரும் என்று கணக்குப் போடலாம். கம்பிவலையில் பட்டது எங்கே போகும் என்று பல வருஷம் ஆடியவருக்கும் தெரியாது. அங்கே பந்து போனால் மட்டையை முன்னால் நீட்டி, எப்படியாவது உயரமாகத் தூக்கிவிடுங்கள். அழகெல்லாம் பார்க்க வேண்டாம்.

தரை செயற்கைப் புல், மேலே சிலிக்கா மணல். ஆட ஆட மணல் மூலைகளில் ஒதுங்கும். ஆட்டத்துக்கு முன் மூலைக்குப் போய்க் காலைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்குகிறது என்றால் அந்த இடத்தில் ஓடிப்போய்ச் சட்டென்று நிற்கக் கூடாது.

திறந்தவெளிக் கோர்ட்டில் மாலை ஆட்டம் என்றால் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் இருட்டிய பிறகும், குளிர்நாடுகளில் விடியற்காலையிலும் கண்ணாடியில் ஈரம் படியும். விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பதிந்தால் ஈரம். ஈரக் கண்ணாடியில் பந்து எகிறி வராது, வழுக்கிக்கொண்டு நேராகக் கீழே இறங்கும். பெரும்பாலான கிளப்புகளில் ரப்பர் வைப்பர் இருக்கும். தோள் உயரம் வரை வழித்துவிட்டு ஆடுங்கள். வைப்பர் இல்லையென்றால், கண்ணாடிக்குப் போகவிடாமல் முன்னாலேயே பந்தை எடுத்துவிடுவது உத்தமம்.

மட்டை, ஷூ, பந்து

பேடல் மட்டைக்கு நரம்பு கிடையாது. உள்ளே நுரை, மேலே ஃபைபர் கிளாஸோ கார்பனோ, அதில் துளைகள். விதிப்படி நீளம் 45.5 சென்டிமீட்டரையும் தடிமன் 38 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. புதியவருக்கு வட்டத் தலை, மென்மையான நுரை, ஃபைபர் கிளாஸ் முகம், 350 முதல் 365 கிராம் எடை சரியாக இருக்கும். கடையில் கண்ணைப் பறிக்கிற வைர வடிவ கார்பன் மட்டை வேண்டாம். அதில் பந்து சரியாகப் படும் இடம் சின்னது, மேலே ஏறியிருக்கும். தவறிப் பட்ட ஒவ்வொரு பந்தும் முழங்கையில் அதிரும். முதல் சில வாரம் கிளப்பில் வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று வகை ஆடிப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மணிக்கட்டுக் கயிறு அலங்காரத்துக்கு அல்ல, விதிப்படி கட்டாயம். வியர்த்த கையிலிருந்து நழுவும் மட்டை மூன்று மீட்டரில் நிற்கும் உங்கள் ஜோடியின் (அணித் துணையின்) முகத்தைத்தான் தேடிப் போகும். கை அதிகம் வியர்க்கும் என்றால் கைப்பிடியில் மேல்கிரிப் சுற்றி, வழவழப்பு வந்ததும் மாற்றுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டையை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் நுரை தளர்ந்துவிடும்.

ஷூ விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓட்டத்துக்கான ஷூவின் அடிப்பகுதி உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கும். அடிப்பாகத்தில் நெளிநெளியான மீன்முள் வரிகள் கொண்ட களிமண் டென்னிஸ் ஷூ அல்லது பேடல் ஷூ வேண்டும்.

பேடல் பந்து பார்க்க டென்னிஸ் பந்து மாதிரியே இருக்கும், ஆனால் அழுத்தம் கொஞ்சம் குறைவு. டப்பாவுக்கு மூன்று. மூடியைத் திறந்த நாளிலிருந்தே அழுத்தம் இறங்கத் தொடங்கும். சில ஆட்டங்களுக்குப் பிறகு கண்ணாடியிலிருந்து வெளியே வர மறுக்கும். அந்தப் பந்தில் பழகினால் கண்ணாடி ஆட்டம் தப்பாகவே படியும்.

கோர்ட் பதிவு, ஆள் சேர்ப்பது

வழக்கமான நேர ஒதுக்கீடு 90 நிமிடம். வாடகையை நான்காகப் பிரித்துக்கொள்வார்கள். மூன்று பேர் கிடைக்காதவர்கள், ஆப்பில் திறந்த ஆட்டம் என்று போட்டிருப்பதில் சேரலாம். ஐரோப்பாவில் பரவலான ப்ளேட்டாமிக் ஆப் 0 முதல் 7 வரை தரம் கேட்கும். ‘ஷட்டில் நன்றாக ஆடுவேன், 3 போட்டுக்கலாம்’ என்று தோன்றும். போடாதீர்கள். தரம் கூட்டிச் சொன்னால் வீணாவது மற்ற மூன்று பேரின் 90 நிமிடமும் கூட. கிளப்பில் நான்கு பேர் சேர்ந்த தொடக்கப் பயிற்சி இருந்தால் முதல் இரண்டு வாரம் அதில் போங்கள்.

ஷட்டில் ஆடியவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இறகுப் பந்தின் எடை சுமார் 5 கிராம், பேடல் பந்து 56 கிராமுக்கு மேல். மணிக்கட்டைச் சுண்டி ஆடுகிற பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் மூன்றாவது வாரம் மணிக்கட்டு வலிக்கும். டென்னிஸ்காரர்களுக்குச் சிக்கல் வேறு: மட்டையை முதுகுக்குப் பின்னால் வரை இழுப்பார்கள், அங்கே கண்ணாடி இருக்கும். ஸ்குவாஷ் ஆடியவர்கள் சுவரைப் பழகியவர்கள், ஆனால் எதிரணிச் சுவரில் நேராக அடித்துப் புள்ளியைக் கொடுத்துவிடுவார்கள்.

சர்வ்

புள்ளிக் கணக்கு டென்னிஸ் போலத்தான்: 15, 30, 40, ஆறு கேமுக்கு ஒரு செட், 6–6 என்றால் டை-பிரேக். பல கிளப்புகளில் 40–40 வந்ததும் ஒரே புள்ளியில் முடித்துக்கொள்வார்கள். எந்தப் பக்கம் சர்வ் வாங்குவது என்பதை அப்போது சர்வ் வாங்கும் அணி தேர்ந்தெடுக்கும்.

சர்வ் போடும் முறை:

1. சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால், நடுக்கோட்டுக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் நில்லுங்கள். கோட்டை மிதித்தால் தவறு.
2. மட்டையைச் சுத்தியல் பிடிப்பது போலப் பிடியுங்கள். முகம் லேசாக மேல்நோக்கித் திறந்திருக்கட்டும். இந்தப் பிடி ஒன்றே சர்வ், வாலி (பந்து குத்தும் முன்பே எடுக்கும் அடி), தலைக்கு மேல் அடி எல்லாவற்றுக்கும் போதும்.
3. பந்தைத் தரையில் ஒரு முறை குத்தவிட்டு, இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழோ அடியுங்கள். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும்.
4. பந்து குறுக்காகப் போய், எதிரே உள்ள சர்வீஸ் கட்டத்தில் (நெட்டுக்கும் சர்வீஸ் கோட்டுக்கும் இடையில்) விழ வேண்டும். தவறினால் இரண்டாவது வாய்ப்பு உண்டு.
5. அடித்த கையோடு நெட்டை நோக்கி நடையைக் கட்டுங்கள்.

கட்டத்தில் குத்திய பிறகு பந்து பக்கக் கண்ணாடியில் பட்டால் நல்ல சர்வ். இரண்டாவது முறை குத்துவதற்குள் கம்பிவலையில் பட்டால் தவறு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பக்கக் கண்ணாடி தொடங்குவது நெட்டிலிருந்து 6 மீட்டரில், சர்வீஸ் கோடு இருப்பது 6.95-இல். அதனால் ஓரமாகவும் குட்டையாகவும் விழுந்த சர்வ் கம்பிவலைக்குப் போகும். கோட்டை ஒட்டி ஆழமாக விழுந்தது கண்ணாடிக்குப் போகும். ஓரம் பார்த்து அடிப்பதென்றால் ஆழமாகவே அடிக்க வேண்டும். வேகம் தேவையில்லை. நீங்கள் நெட்டுக்குப் போய்ச் சேர நேரம் கொடுக்கிற சர்வ்தான் நல்ல சர்வ்.

சர்வ் வாங்குபவர் பந்தைக் குத்தவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கோர்ட்டில் சண்டை வரும் விதிகள்

எதிரணிப் பக்கம் போகும் பந்து முதலில் தரையில் குத்த வேண்டும். நேராக அவர்கள் கண்ணாடியிலோ கம்பிவலையிலோ பட்டால் உங்களுக்குப் புள்ளி போச்சு. குத்திய பிறகு எத்தனை சுவரில் பட்டாலும் ஆட்டம் தொடரும், இரண்டாவது முறை தரையைத் தொடும் வரை. அவசரத்துக்கு உங்கள் பக்கத்தில் உள்ள கண்ணாடியில் நீங்களே அடித்து, அது திரும்பி நெட்டைத் தாண்டிப் போகும்படி செய்யலாம். ஆனால் உங்கள் பக்கத்தில் உள்ள கம்பிவலையில் அப்படிச் செய்ய முடியாது. உடம்போ மட்டையோ நெட்டைத் தொட்டால் புள்ளி போகும். பந்து உங்கள் உடம்பில் பட்டாலும் அப்படியே.

நீங்கள் அடித்த பந்து எதிரணிப் பக்கம் குத்தி, கண்ணாடியில் மோதி, யாரும் தொடாமல் உங்கள் பக்கமே திரும்பி வந்துவிட்டால் புள்ளி உங்களுடையது. புதியவர்கள் பதறி அதை மறுபடி அடித்துப் புள்ளியைக் கெடுத்துக்கொள்வார்கள். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கண்ணாடியோடு பழகுவது

பேடலில் நேரம் போட வேண்டியது இதற்குத்தான். ஒருவர் நெட்டருகே நின்று பந்து எறிய, மற்றவர் இந்த வரிசையில் பழகலாம்.

முதலில் மட்டையே வேண்டாம். பந்து தரையில் குத்திப் பின்கண்ணாடியில் பட்டு வரும்வரை காத்திருந்து கையால் பிடியுங்கள். பத்துப் பதினைந்து பந்து பிடித்ததும் ஒன்று புரியும்: எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் இருக்கிறது. அவசரம் நம்முடையது, பந்தினுடையது அல்ல.

அடுத்து மட்டையோடு. பந்து உங்களைத் தாண்டப் போகிறது என்று தெரிந்ததும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்புங்கள், மட்டையை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். பந்தோடு சேர்ந்து சின்னச் சின்ன அடியாகப் பின்னால் போங்கள். கண்ணாடியில் பட்டு அது முன்னால் வரும்போது நீங்களும் கூடவே முன்னால் வாருங்கள். பந்து உங்கள் முன்காலைத் தாண்டி, முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே இறங்கும்போது தள்ளுங்கள். அடிக்க வேண்டாம், தள்ளினால் போதும். வேகத்தைக் கண்ணாடி ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் நிற்கும் இடத்தால். கண்ணாடிக்கு முதுகை ஒட்டி நிற்பவர் மீதே பந்து வந்து விழும், கையை வீச இடமிருக்காது. கண்ணாடியிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். இன்னொரு தவறு, முழுசாகத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்து நிற்பது. அப்படி நின்றால் நெட் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடும்.

மூலைப் பந்து கடைசியில். பக்கக் கண்ணாடியில் பட்டுப் பிறகு பின்கண்ணாடியில் படும் பந்து கோர்ட்டின் நடுப்பக்கம் வெளியேறும். ஆகவே மூலைக்குள் ஓடாமல், நடுவை நோக்கி விலகி நின்று அது வெளியே வரக் காத்திருங்கள். குழம்பினால் கண்ணாடிக்குப் போகும் முன்பே எடுத்து உயரத் தூக்கிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எங்கே நிற்பது

நிற்க நல்ல இடம் இரண்டே: நெட்டிலிருந்து 2 முதல் 3 மீட்டரில், அல்லது சர்வீஸ் கோட்டுக்குச் சற்றுப் பின்னால். நடுவில், நெட்டிலிருந்து 4–6 மீட்டரில் நிற்பவரின் காலடியில் எல்லாப் பந்தும் விழும். கடந்து போகிற இடம் அது, தங்குகிற இடம் அல்ல.

ஜோடி இருவரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று நின்றால் குறுக்கே பெரிய சந்து திறக்கும், எதிரணி அதில்தான் போடும். உங்கள் ஜோடி பக்கக் கண்ணாடிப் பக்கம் இழுக்கப்பட்டால் நீங்களும் அந்தப் பக்கம் ஓரிரு அடி நகருங்கள்.

இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் நடுவில் வரும் பந்து இடப்பக்கம் நிற்பவருக்கு, அவருக்குத்தான் அது முன்கைப் பந்து. இதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூப்பிடும் சொற்களையும்கூட: ‘என்னுது’, ‘உன்னுது’, ‘விடு’, ‘ஏறு’. அறிமுகமில்லாத பெரியவருடன் ஆடும்போது தயக்கம் வரும். ‘நீங்க எடுங்க சார்’ என்று முடிப்பதற்குள் பந்து இரண்டு முறை குத்திவிடும். கோர்ட்டுக்குள் மட்டும் ‘விடு’ என்றால் தப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சரி.

லாப், வாலி, ஸ்மாஷ்

லாப், அதாவது எதிரணியின் தலைக்கு மேல் உயரத் தூக்கிவிடும் பந்துதான், புதியவரின் முக்கிய ஆயுதம். எதிரணி நெட்டில் நிற்கும்போது அவர்களைப் பின்னால் அனுப்ப வேறு நம்பகமான வழி இல்லை. முழங்காலை மடக்கி, மட்டையைப் பந்துக்குக் கீழே கொண்டுபோய், கால் பலத்தில் மேலே எழுப்புங்கள். மட்டை தலைக்கு மேல் போய் முடியட்டும். பந்து பின்கண்ணாடிக்கு 2 மீட்டருக்குள் விழ வேண்டும். குறுக்காகத் தூக்கினால் தூரம் கூடுதல், தப்பு செய்ய இடமும் கூடுதல். பாதியில் விழும் லாப் எதிரணிக்குக் கொடுத்த பரிசு. நல்ல லாப் போட்டதும் நின்று ரசிக்காமல் இருவரும் நெட்டுக்கு ஏறுங்கள். எதிராளி அடிக்கப் போகும் நொடியில் மட்டும் எந்த இடத்தில் இருந்தாலும் நின்றுவிடுங்கள்.

வாலிக்கு மட்டையை மார்புக்கு முன்னால் வைத்து, பின்னிழுப்பு இல்லாமல் மூலையை நோக்கியோ எதிராளியின் காலடிக்கோ தள்ளுங்கள்.

தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் முதல் மாதத்துக்கு நெட்டருகே எளிதாக வந்த பந்துக்கு மட்டும். பின்னால் போய்க்கொண்டே எடுக்க வேண்டிய உயரப் பந்துக்கு பந்தேஹா என்ற அடி இருக்கிறது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்குச் சற்று முன்னால் பந்தைச் சந்தித்து, அறுப்பது போல இழைத்து, குறுக்கு மூலைக்கு அனுப்புவது. புள்ளி எடுக்க அல்ல, நெட்டை விட்டுக்கொடுக்காமல் இருக்க. பழக மாதங்கள் ஆகும்.

உடம்பு

தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கெண்டைக்கால், தோள், மணிக்கட்டைச் சூடாக்குங்கள். ஜோடி சர்வ் போடும்போது நெட்டில் நிற்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, கண்ணில் அடிபடுவது அப்படித்தான். தரையில் கிடக்கும் உபரிப் பந்தை எடுத்துவிட்டுத்தான் அடுத்த சர்வ். முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாதீர்கள். ஓய்வு கொடுங்கள், எடை குறைந்த மென்மையான மட்டைக்கு மாறுங்கள், தொடர்ந்தால் பிசியோவைப் பாருங்கள்.

அமெரிக்கானோ

புதியவர்கள் கிளப்பில் ஆட்களைப் பழகிக்கொள்ள, ஜோடியை மாற்றி மாற்றி ஆடும் அமெரிக்கானோவைவிடச் சுலபமான வழி இல்லை. எட்டுப் பேர், இரண்டு கோர்ட், ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஜோடி மாறும், முடிவில் எல்லோரோடும் ஒரு முறை சேர்ந்து ஆடியிருப்பீர்கள். சுற்றுக்கு 24 புள்ளி என்று வைத்தால் ஆளுக்கு 6 சர்வ். 14–10 என்று முடிந்தால் வென்ற இருவர் கணக்கிலும் தலா 14, தோற்ற இருவர் கணக்கிலும் தலா 10. கூட்டினால் 24 வரவில்லை என்றால் எங்கோ எண்ணத் தவறியிருக்கிறீர்கள், தாளில் எழுதும் முன் சரிபாருங்கள். தோற்றாலும் எடுத்த புள்ளி கணக்கில் ஏறும் என்பதால் 5–15 என்று பின்தங்கியிருக்கும்போது கண்டபடி ஸ்மாஷ் அடித்துப் பார்ப்பவர் கடைசியில் பட்டியலின் அடியில் இருப்பார். நான்கே பேர் என்றால் மூன்று சுற்றில் முடிந்துவிடும், 90 நிமிடத்தில் அதை இரண்டு முறை ஆடலாம்.